ஆதிமூலம் செத்த சேதி

சனிக்கிழமை இரவு எட்டு மணி இருபத்தெட்டு நிமிடத்துக்கு இன்ஸ்பெக்டர் ஆதிமூலத்தைச் சுட்டுப்போட்டார்கள். கொக்குவிலில் அன்றைக்குப் பாதி வீடுகளில் இராச்சாப்பாடு தொண்டைக்குள் இறங்கவில்லை. சுட்டவன் யாரோ ஒரு கடத்தல்காரன் என்றால் சனம் இரண்டு தூஷணத்தோடு ஆறியிருக்கும். சுட்டவன் சப் இன்ஸ்பெக்டர் வேந்தன். நான்கு வருடமாக ஆதிமூலத்தின் ஜீப்பில் பக்கத்தில் இருந்தவன், அவர் வீட்டுக் குசினியில் சட்டியைத் திறந்து பார்க்கிற உரிமை உள்ளவன். தேத்தண்ணியைத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர் முதல் மிடறு குடிக்கிற நேரம் பார்த்துப் பின்னால் நின்று சுட்டான். கூட இருந்து குழி பறிக்கிறது என்பார்களே, அதுதான்.

‘கறுப்புக் கோப்பு’ தமிழ்நாட்டுத் தொலைக்காட்சித் தொடர். சனியும் ஞாயிறும் இரவு எட்டு மணிக்கு வரும். ஆனால் ஆதிமூலத்தை யாழ்ப்பாணம் எப்போதோ சுவீகாரம் எடுத்துவிட்டது. அடிதடி இல்லாமல், கதை கொடுத்துக் கொடுத்தே கள்ளனைப் பிடிக்கிற மனுசன். அவருக்குச் சூடு பட்டதும் முன்வீட்டு றொசாந்தி அலறிய அலறலில் நாய்கள் ஒழுங்கைக்கு ஓடி வந்தன. பலசரக்குக்கடை முத்துக்குமாரு ஞாயிறு காலை கடை திறக்கவில்லை. கேட்டவர்களுக்கு வயிற்றுக்குத்து என்றார், ஒருவரும் நம்பவில்லை. வேந்தனாக நடித்த பையன் யாழ்ப்பாணத்தில் கால் வைத்தால் முழுசாகத் திரும்பமாட்டான் என்று மூன்று நாட்டிலிருந்து முகநூலில் எழுதினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் ஆதிமூலம் இன்னும் உயிரோடு இருந்தார். ஸ்ரேசன் ஒழுங்கையில் மூன்றாம் வீடு, ஓய்வுபெற்ற வாத்தியார் நமசிவாயத்தின் மனைவி பத்மாவதி.

ஊரிலேயே அந்தத் தொடரை அவளைப்போல் பார்த்தவர்கள் கிடையாது. பார்ப்பது பாதிதான், மிச்சப் பாதி ஒன்பது மணிக்குத் தொடங்கும். கடைசி எழுத்து ஓடும்போதே ரொறன்ரோவிலிருந்து அண்ணன் சோமசேகரத்தின் அழைப்பு வந்துவிடும். மனைவி செத்து ஆறு வருடம், டாக்ஸி ஓடி ஓய்ந்த மனுசன். அங்கே அது காலை நேரம். அதே தொடரை அதே நேரத்தில் பார்த்துவிட்டுத் தங்கச்சியோடு ஒரு மணித்தியாலம் சண்டை பிடிப்பார். சண்டை பெரும்பாலும் வேந்தனைப் பற்றித்தான்.

“உவன்ரை முழி சரியில்லைப் பிள்ளை. உவன் ஒருநாளைக்கு ஆதிமூலத்துக்கு வெடி வைப்பான், பார்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. வேந்தன் அந்தாளுக்குப் பிள்ளை மாதிரி.”

“சரி. நடந்தா நீ உன்ரை வாயாலை தோத்தனெண்டு சொல்லவேணும்.”

“சொல்லுறன், சொல்லுறன். நடக்கட்டும் பாப்பம்.”

இரண்டு வருடமாக இந்த வழக்கு நடக்கிறது. அறுபத்தொரு வயதுக்காரிக்கும் அறுபத்தாறு வயதுக்காரருக்கும் இதைவிட முக்கியமான வேலை இருந்ததாகத் தெரியவில்லை.

ஐந்து கிழமைக்கு முன்னால் பத்மாவதிக்கு நெஞ்சு அடைத்தது. பெரியாசுபத்திரியில் இரத்தக் குழாய்க்குள் கம்பிச்சுருள் வைத்து அனுப்பினார்கள். அதோடு வீடு மாறிவிட்டது. கணவரும் மகள் நிவேதனாவும் அவள் நடந்தால் பின்னால் நடந்தார்கள், இருமினால் ஓடிவந்தார்கள். பாரிசில் இருக்கிற மகன் கோபிசங்கர் ஒருநாளைக்கு மூன்று தரம் எடுத்து ‘அம்மா மூச்சு விடுறாவோ’ என்று கேட்டான். அவளுக்கு இது கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. முப்பத்தாறு வருடம் மற்றவர்களுக்கு ஓடியோடிச் செய்தவள் அல்லவா, இருந்து வாங்கட்டுமே.

பிடிக்காதது ஒன்றுதான். கடந்த இரண்டரைக் கிழமையாக அண்ணையின் அழைப்பு இல்லை. கண்ணில் ஒப்பரேசனாம். குனியக்கூடாதாம், தும்மக்கூடாதாம், ரெலிபோனில் சத்தம் போட்டுக் கதைக்கவும் கூடாதாம். நமசிவாயம் ஒவ்வொன்றாக விரல் மடித்துச் சொன்னார். பத்மாவதி வட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பிக்கொண்டிருந்தாள். பதிலுக்கு அண்ணையின் இலக்கத்திலிருந்து இரண்டு தரம் எழுத்தில் வந்தது. இரண்டாவதை அவள் இருபது தரமாவது வாசித்திருப்பாள்:

‘பிள்ளை, எனக்கு ஒண்டுமில்லை. நீ கவனம். உன்ரை மனுசன் தங்கமான மனுசன். அவர் சொல்லுறதைக் கேட்டு நட.’

வாசித்துவிட்டு அவள் அழுதாள். கலியாண வீட்டில் ஏதோ ஒரு சில்லறைக் கோபத்தில் ‘உந்த வாத்தி’ என்று சொன்ன அண்ணை, அன்றிலிருந்து இன்றுவரை வாயைத் திறந்து அவள் புருசனை நல்ல மனுசன் என்று சொன்னதில்லை. அந்த ஒரு வரிக்காக அவள் முப்பத்தாறு வருடம் காத்திருந்தாள்.

போன சனிக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்கு ரீவி செத்தது. கேபிள் அறுந்துவிட்டதாம், ஒழுங்கை முழுக்க இல்லையாம். ஞாயிறும் இல்லை. பத்மாவதி மதிலோரம் நின்று றொசாந்தியைக் கேட்டாள். “ஓம் அன்ரி, எங்கடை வீட்டிலையும் வராது” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே ஓடிப்போனாள். கண்கள் வீங்கியிருந்தன. தாய் வீட்டில் ஏதும் பிரச்சினையாக்கும் என்று பத்மாவதி நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கிளினிக். நிவேதனா வங்கியில் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். டொக்டர் ஒரு சின்னப் பெண், சிரித்த முகம். நெஞ்சைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.

“நல்லாத் தேறீட்டீங்கள் அம்மா. இனி வழமைபோலை இருக்கலாம். மீன் நல்லாச் சாப்பிடுங்கோ.”

“மீன் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்களாம்?”

“நானோ? நான் ஏன் அப்பிடிச் சொல்லப்போறன்?”

டொக்டர் நிவேதனாவைப் பார்த்தாள். நிவேதனா மின்விசிறியைப் பார்த்தாள்.

லக்சனின் ஓட்டோவில் ஏறினவுடன் பத்மாவதி தொடங்கிவிட்டாள். இரண்டரைக் கிழமையாகக் கத்தரிக்காயும் பூசணிக்காயும் தின்று நாக்குச் செத்துப்போனதற்கு யார் பொறுப்பு என்று கேட்டாள். அப்பாவுக்குப் பயம், அதுதான் அப்படிச் சொன்னவர் என்று மகள் முணுமுணுத்தாள். அது முடியுமுன்னமே ஓட்டோ கொக்குவில் சந்திக்கு வந்துவிட்டது, பத்மாவதியின் வாயும் பாதியில் நின்றுவிட்டது.

சந்தியில் மின்கம்பத்துக்கும் மதிலுக்கும் இடையே பெரிய பதாகை ஒன்று கட்டியிருந்தார்கள். கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் ஆதிமூலம் தொப்பியோடு. ‘கண்ணீர் அஞ்சலி. தோற்றம்: முதலாம் அத்தியாயம். மறைவு: இருநூற்றுப் பன்னிரண்டாம் அத்தியாயம். துரோகத்தால் வீழ்ந்த எங்கள் இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு. ஆறாத்துயருடன், சந்தி இளைஞர்கள்.’

“நிப்பாட்டு மோனை,” என்றாள் பத்மாவதி. “உதென்னடா உது?”

நிவேதனா முன்னால் குனிந்து லக்சனின் தோளைத் தட்டினாள், வேண்டாம் என்று. ஆனால் லக்சனின் மனது இரண்டு நாளாக எரிந்துகொண்டிருந்தது.

“சுட்டுப்போட்டாங்கள் அன்ரி! வேந்தன்! உந்த நாய்ப்பிறப்பு! நான் சனிக்கிழமை இரவு ஹயர் ஓடேல்லை. ஓட மனம் வரேல்லை. தேத்தண்ணியைக் குடுத்திட்டு, அன்ரி, தேத்தண்ணியைக் குடுத்திட்டு...”

வளர்ந்த ஆண்பிள்ளை, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டோவைத் திருப்பினான்.

பத்மாவதி திரும்பித் திரும்பிப் பதாகையையே பார்த்துக்கொண்டு போனாள். இரண்டு வருடம் வாராவாரம் வீட்டுக்கு வந்துபோன ஒரு மனுசன். அதற்குமேல், வேந்தன். அவள் வக்காலத்து வாங்கிய வேந்தன். சிறிது தூரம் போனபிறகுதான் அவளுக்கு மற்றது உறைத்தது: கேபிள் அறுந்தது, றொசாந்தியின் வீங்கிய கண், மீன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் நமசிவாயத்துக்கு விழுந்தது.

“நாடகத்திலை ஒருத்தன் செத்ததைக் கேட்டு என்ரை நெஞ்சு வெடிச்சிடும் எண்டு நினைச்சீங்களோ? என்ன, நான் அந்தளவுக்கு விசரியோ?”

“பத்மா, உனக்கு அதிர்ச்சி கூடாதெண்டு...”

“கேபிளைக் கழட்டினது ஆர்?”

“நான்தான். றொசாந்தி வெள்ளிக்கிழமையே சொன்னவள், யூரியூப்பிலை முன்னோட்டம் விட்டிட்டாங்களாம், ஆதிமூலம் முடிஞ்சுதாம் எண்டு.”

அவர் குற்றவாளிபோல் நின்ற நிலையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோபம் பாதி தணிந்துபோனது. இருந்து முழுக்கதையையும் சொல்லச் சொன்னாள். அவர் வகுப்பில் பாடம் எடுக்கிற குரலில் ஒழுங்காகச் சொன்னார். தேத்தண்ணி வந்த இடத்தில் பத்மாவதி சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

“சுட்டதைக்கூட விடலாம். கூட இருந்து சோறு திண்டவன், எப்பிடி மனம் வந்தது?” மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். “அப்ப அண்ணை வெண்டிட்டார். போனைத் தாங்கோ, நான் சொல்லவேணும்.”

நமசிவாயம் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள்.

“அண்ணைக்குக் கண்...” என்று தொடங்கினார்.

“ஒப்பரேசன் கண்ணிலைதானே, காதிலை இல்லையே! அவர் வாயே திறக்கவேண்டாம். நான் தோத்துப்போனன் எண்டு ஒரு சொல்லு சொல்லிப்போட்டு வைக்கிறன்.”

“இப்ப அங்கை விடியக்காலமை, பத்மா. நித்திரையாய் இருப்பார். டொக்டர் எழுப்பவேண்டாமெண்டு...”

அவர் ஏன் இப்படி மறிக்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் அண்ணைக்குக் கண் நோகும் என்று நினைத்ததும் மனம் இளகிவிட்டது. அவள் அப்படித்தான், சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு இரக்கப்படத் தொடங்கிவிடுவாள்.

“சரி, விடுங்கோ. பாவம் மனுசன். அப்ப ஒண்டு செய்யுங்கோ. நாலரைக்குப் பிள்ளையார் கோயில் திறந்திடும். அண்ணையின்ரை பேருக்கு ஒரு அருச்சனை செய்துகொண்டு வாங்கோ. உத்தரட்டாதி. கண் கெதியாய்ச் சுகம் வரட்டும்.”

அவளே எழுந்து தட்டை எடுத்தாள். தேங்காய், வெற்றிலை, பாக்கு, இரண்டு கதலிப்பழம். நமசிவாயம் உள்ளே போய் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். தட்டைக் கையில் வாங்கினார். வாசல்படி வரைக்கும் போனார். அங்கேயே நின்றார்.

“என்ன?”

“முழங்கால் நோகுது.”

“ஓட்டோவிலை போங்கோ. லக்சன் சந்தியிலைதான் நிக்கிறான்.”

அவர் அசையவில்லை. தட்டில் தேங்காய் ஒரு பக்கம் உருண்டு மற்றப் பக்கம் உருண்டது.

“அப்ப நிவேதனா போகட்டும்.”

“எனக்குச் சுகமில்லை அம்மா. போகக்கூடாது,” என்றாள் மகள், மெல்ல.

பெண்பிள்ளைகள் மாதத்தில் மூன்று நாள் சொல்கிற சொல்தான். ஆனால் போன வெள்ளிக்கும் அவள் அதைத்தான் சொன்னாள். அதற்கு முதல் வெள்ளிக்கும் சொன்னாள். பெற்ற தாய்க்கு மகளின் நாள் தெரியாதா என்ன?

பத்மாவதி தட்டைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். நமசிவாயத்தை அவள் முப்பத்தாறு வருடமாக அறிந்தவள். அவர் அவளுக்குப் பொய் சொல்வார், டொக்டரின் பேரில் பொய் சொல்வார், கேபிள்காரனின் பேரில் பொய் சொல்வார். பிள்ளையாருக்குச் சொல்லமாட்டார். சாவு விழுந்த குடும்பத்துக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டு. அந்தத் துடக்கோடு கோயில் வாசலை மிதிக்க அவரால் முடியாது. செத்தவனின் பெயருக்குச் சுகம் கேட்டு அருச்சனை செய்ய ஒருக்காலும் முடியாது.

மீன் இரண்டரைக் கிழமையாக இந்த வீட்டு அடுப்பில் ஏறவில்லை. சாமிப்படத்துக்கு விளக்கு ஏற்றவில்லை. எண்ணெய்ப்புகை நெஞ்சுக்கு ஆகாது என்றார்கள். கோயிலுக்கு ஒருவரும் போகவில்லை. அவளிடம் சாவை மறைத்தவர்களுக்குத் துடக்கை விட மனம் வரவில்லை. அவளையும் தெரியாமலே துடக்குக் காக்க வைத்திருக்கிறார்கள்.

“ஆருக்குத் துடக்கு?” என்று கேட்டாள்.

நிவேதனா சுவரோடு ஒதுங்கினாள்.

“நான் கேக்கிறன், இந்த வீட்டிலை ஆருக்கடி துடக்கு? ஆர் செத்தது?”

கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நமசிவாயம் தட்டை நிலத்தில் வைத்துவிட்டு, வாசல்படியில் குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டார்.

பத்மாவதியின் நெஞ்சு வெடிக்கவில்லை. நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசையோடு நிவேதனா ஓடிவந்தாள். பத்மாவதி அவள் கையைத் தட்டிவிட்டாள்.

“எப்ப?”

“அம்மா, முதல் இதை...”

“எப்ப எண்டு கேட்டனான்.”

“வியாழக்கிழமை. இண்டைக்குப் பதினெட்டு நாள். நித்திரையிலையே போயிட்டார் அம்மா. ஆரபி காலமை தேத்தண்ணியோடை போய் எழுப்பினவளாம்.” ஆரபி சோமசேகரத்தின் ஒரே மகள்.

பதினெட்டு நாள். பத்மாவதி அந்தப் பதினெட்டு நாளையும் மனதுக்குள் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் அவள் சிரித்திருக்கிறாள், தலைக்குப் பூ வைத்திருக்கிறாள், றொசாந்தியின் பிள்ளையின் பிறந்தநாள் கேக் தின்றிருக்கிறாள்.

“செத்தவீடு?”

“ஞாயிற்றுக்கிழமை.”

“எத்தினை மணிக்கு?”

நிவேதனா தகப்பனைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை.

“இஞ்சத்தை நேரம் ஏழரைக்குத் தொடங்கினது. ஒன்பதரைக்கு எடுத்தவை.”

“அப்ப நான் ரீவி பாத்துக்கொண்டிருந்தனான்.”

“ஓம் அம்மா.”

“நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?”

“அறைக்குள்ளை. போனிலை நேரடியாய்க் காட்டினவை. நானும் அப்பாவும் பாத்தனாங்கள்.”

அந்த ஞாயிறு பத்மாவதிக்கு நன்றாக நினைவிருந்தது. நமசிவாயம் வழமைக்கு மாறாகத் தானே வந்து ரீவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். கேட்காமலே தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். என்ன கரிசனை என்று அவள் பூரித்துப்போனாள். ஆதிமூலம் கள்ளனை மடக்கிய இடத்தில் ‘ஓடியாங்கோ, ஓடியாங்கோ, பிடிச்சிட்டார்’ என்று அறைப்பக்கம் பார்த்துக் கைதட்டிக் கூப்பிட்டாள். கடைசியில் நிவேதனா வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. ‘ஏனடி, ஆரும் பொடியன் ஏமாத்திப்போட்டானோ’ என்று பகிடி பண்ணினாள். ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் அண்ணை பெட்டிக்குள் கிடந்தார். கூடப்பிறந்தவள் இந்தப்பக்கம் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னைச் சிரிக்க விட்டுப்போட்டு இருந்தீங்களே,” என்றாள். “ஒரு மனுசராவது வந்து ரீவியை நிப்பாட்டேல்லையே.”

அழுகை வரவில்லை. எங்கேயோ வந்து நின்றது. பத்மாவதி போனைத் தேடி எடுத்தாள். அண்ணைக்குப் பதினொரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள், எல்லாம் கேட்டதாகக் காட்டியது. கீழே அந்த இரண்டு பதில்கள்.

“இதை எழுதினது ஆர்? ஆரபியோ?”

“அனுப்பினது அவள்தான்,” என்றாள் நிவேதனா. “அவளுக்கு எழுத வரேல்லை அம்மா. உங்கடை குரலைக் கேட்டுக் கேட்டு அழுதுகொண்டிருந்தவள். வசனம் இஞ்சையிருந்துதான் போனது.”

பத்மாவதி வாசல்படியில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“‘உன்ரை மனுசன் தங்கமான மனுசன்,’” என்று ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். “‘அவர் சொல்லுறதைக் கேட்டு நட.’ உதை எழுதினது நீங்களோ?”

நமசிவாயம் எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீ மருந்து ஒழுங்காய் எடுக்கேல்லை, பத்மா. நான் சொன்னாக் கேக்கமாட்டாய். அண்ணை சொன்னாக் கேப்பாய் எண்டு...”

“செத்த மனுசன்ரை வாயாலை உங்களுக்கு நீங்களே நற்சான்றிதழ் எழுதினீங்களோ?”

“உன்னையும் இழக்க ஏலாது எண்டு பயந்தனான். அண்ணை போயிட்டார், அவரை ஒண்டும் செய்ய ஏலாது. நீ அப்பதான் ஆசுபத்திரியாலை வந்து கிடந்தாய். கையிலை எடுத்துப் பாத்தா ஒரு இறாத்தல் நிறை இல்லை. நான் என்ன செய்யிறது, சொல்லு. முப்பத்தொண்டு முடிய, நீ தேறின பிறகு, ஆறுதலாய்ச் சொல்லுவம் எண்டுதான் இருந்தனாங்கள்.”

அவர் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பயந்துதான் செய்தார். ஆசையில்தான் செய்தார். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. பகையாளி செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள், மண்ணள்ளித் தூற்றியிருப்பாள். கட்டிய புருசனும் பெற்ற மகளும் கைகோத்துச் செய்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அண்ணையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கிற உரிமையை எடுத்தார்கள். அழுகிற உரிமையை எடுத்தார்கள். அண்ணையின் ஒரு நல்ல சொல்லுக்காக முப்பத்தாறு வருடம் காத்திருந்தாள், அதையும் பொய்யாக்கிப்போட்டார்கள்.

“றொசாந்திக்குத் தெரியுமோ?”

நிவேதனா தலையாட்டினாள்.

“முத்துக்குமாரு அண்ணைக்கு? லக்சனுக்கு?”

“எல்லாருக்கும் தெரியும் அம்மா. நாங்கள்தான் சொல்லவேண்டாமெண்டு கெஞ்சினனாங்கள்.”

ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஆதிமூலத்துக்குப் பதாகை கட்டி, கடை பூட்டி, ஓட்டோவை நிறுத்தி வைத்து அழுத ஊர். அவள் அண்ணைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு, முகத்துக்கு முன்னால் ‘சுகமோ அன்ரி’ என்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஒழுங்கையில் இருந்திருக்கிறது.

பத்மாவதி கதிரையில் இருந்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். முகம் வேறுமாதிரி ஆகிவிட்டது.

“கோபி எங்கை?”

“கோபி பாரிசிலை, அம்மா. ஏன்?”

“எனக்கு நெஞ்சு நொந்த நேரம் ஒருநாளைக்கு மூண்டு தரம் எடுத்த பிள்ளை. இப்ப எட்டு நாளாய் எடுக்கேல்லை. ஏன்?”

“வேலை கூட அம்மா. புது இடம், லீவு இல்லையாம்...”

“மாமாவுக்கும் கண் ஒப்பரேசன் எண்டுதானே சொன்னனீங்கள்.”

நமசிவாயம் பதறிக்கொண்டு கிட்ட வந்தார்.

“பத்மா, என்ன கதை இது? பிள்ளை நல்லாயிருக்கிறான். சத்தியமாய் நல்லாயிருக்கிறான்.”

“உங்கடை சத்தியம் எனக்கு வேண்டாம். போனை எடு நிவேதனா. முகம் தெரியவேணும். குரல் காணாது, எழுத்துக் காணவே காணாது. முகம் தெரியவேணும் எனக்கு.”

நிவேதனா அழைத்தாள். மணி போய்க்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. வேலை நேரம் என்று நமசிவாயம் சொன்னார். பத்மாவதி அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பவும் அழைத்தார்கள். அந்த மணிச்சத்தத்தில்தான் அவள் முதன்முதலாக அண்ணைக்காகவும் சேர்த்து நடுங்கினாள். தன் பிள்ளை செத்திருந்தாலும் இந்த இரண்டு பேரும் இதே முகத்தோடு, இதே இடத்தில் நின்று, வேலை கூட என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாம் தரம் திரை வெளித்தது. கோபிசங்கர். உணவகத்துக் குசினி, தலையில் வெள்ளைத் தொப்பி, நெற்றியில் வியர்வை, பின்னால் ஆவி.

“என்னம்மா இந்த நேரத்திலை?”

உயிரோடு இருந்தான். பத்மாவதி விரலால் திரையைத் தொட்டாள், கன்னத்தில்.

“ஒருக்கால் அங்காலை திரும்பு ராசா. இஞ்சாலையும் திரும்பு.”

“என்னம்மா விளையாட்டு?” என்று சிரித்துக்கொண்டு திரும்பிக் காட்டினான். பிறகு கூர்ந்து பார்த்தான். “அழுதனீங்களோ? ஓ, ஆதிமூலத்தைச் சுட்டதோ! ஆர் சொன்னது? இஞ்சையும் எல்லாற்றை வாயிலையும் அதுதான் கதை. அது நடிப்பு அம்மா, அந்தாள் அடுத்த படத்திலை வருவான். அதுக்கெல்லாம் அழுறதே?”

பத்மாவதி பிடித்திருந்த போனுக்குப் பின்னால் நின்று நிவேதனா இரண்டு கையையும் ஆட்டினாள், வேண்டாம், சொல்லாதே என்று. அவனுக்கு அது தெரியவில்லை.

“மாமாவும் கவலைப்பட்டவர் அம்மா. நேற்றுத்தான் கதைச்சனான். கண் நல்லாத் தெளிஞ்சிட்டுதாம். உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவர், அடுத்த கிழமை எடுக்கிறனெண்டு சொல்லச் சொன்னவர்.”

பத்மாவதி மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் இமை, உதட்டோரம், குரல், எல்லாவற்றையும் தேடினாள். ஒரு சுளிப்பு இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. அவன் சின்ன வயதில் பொய் சொன்னால் காது சிவக்கும். காதையும் பார்த்தாள்.

“அப்பிடியே ராசா. சந்தோசம்,” என்றாள். “நீ சாப்பிட்டனியோ?”

“ஓம் அம்மா, இப்பதான் சாப்பிட்டனான்.”

அவள் அதையும் நம்பவில்லை.